பொறிவல்லார் லாஞ்செஸ்டர்

மோட்டார் வண்டியை விரைந்து ஓடச் செய்த அறிஞர்களின் பெயர்களை உலகம் நன்கு அறியும். பென்ஸ், டைம்லர், போர்டு என்னும் பெயர்கள் பள்ளிச் சிறுவர் நாவிலும் பயில்வன. ஆயின், ஓடும் வண்டியை வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் நிற்கச் செய்வது எங்ஙனம் என்று ஆராய்ந்தோரை அறிந்தவர் சிலரே. அவ்வாறு ஆராய்ந்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஆங்கில நாட்டுப் பொறிவல்லாராகிய பிரெடெரிக் வில்லியம் லாஞ்செஸ்டர். இக்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்னும் விரைவு வண்டி வாங்கப் புகும் செல்வர் ஒருவர், அதன் பிரேக்குத் தட்டு இரும்பால் ஆயதாக இருத்தல் நன்றோ, செராமிக் என்னும் சூளையிற் சுட்ட பொருளால் ஆயதாக இருத்தல் நன்றோ என்று எண்ணித் தயங்குகின்றார். அவ்வினாவின் வேர் இப்பெரியாரின் வாழ்க்கையில் உள்ளது. ஆதலின் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

லாஞ்செஸ்டர் 1868ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த லூயிஷாம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஜோன்ஸ் லாஞ்செஸ்டர் கட்டடக் கலையில் வல்லவர். தாயார் ஆக்டேவியா இலத்தீன் மொழியும் கணிதமும் கற்பித்து வந்தவர். அவ்விருவர்க்கும் பிறந்த மக்கள் எண்மருள் இவர் நான்காமவர். தந்தையின் கலை தமையனாராகிய ஹென்றி வான் லாஞ்செஸ்டருக்கு வாய்த்தது. ஜோத்பூரில் உமைத் பவன் அரண்மனையை வகுத்தமைத்தவர் அவரே; நம் சென்னையின் நகரமைப்பைப் பற்றி ஆராய்ந்து 1918இல் ஒரு நூல் வெளியிட்டவரும் அவரே. தாயின் கணிதமோ பிரெடெரிக்கிடம் வந்து தங்கிற்று.

இளைஞர் சௌதாம்டன் நகரத்து ஹார்ட்லி கல்விநிலையத்திற் பயின்று, பின்னர் உதவிச் சம்பளம் பெற்று இலண்டனில் கென்சிங்டனிலிருந்த விஞ்ஞானக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே எந்திரக்கலை போதிய அளவு கற்பிக்கப்படாமை கண்டு, மாலை வேளையில் வேறொரு தொழிற்பள்ளிக்கும் சென்று கற்றார். எனினும் பட்டம் யாதொன்றும் பெறாமலே 1888இல் கல்லூரியை விட்டு வெளிவந்தார். பட்டம் இல்லாதார்க்கு அறிவும் இல்லை என்று கருதுவார் இவர் வரலாற்றைப் படித்தல் நலம்.

வண்டி அமைத்தது

1889இல் பர்மிங்காம் நகரில் சால்ட்லி என்னும் பகுதியிலிருந்த வாயு எஞ்சின் தொழிற்சாலையில் இவர் துணை மேலாளராக அமர்ந்தார். எஞ்சின் ஓட்டத்தைச் சீர்ப்படுத்தும் கருவியொன்றும், அதனைத் தொடக்கி வைக்கும் கருவியொன்றும் கண்டு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன்பின் அவர் உள்ளம் மோட்டார் வண்டியின்பாற் சென்றது. 1895இல் தொடங்கிய முயற்சி 1896இன் தொடக்கத்தில் முற்றுப்பெற்று, 5 குதிரைத்திறன் கொண்ட வண்டி ஒன்று பர்மிங்காம் தெருவில் ஓடிற்று. பிற நாட்டு வண்டியைப் பார்த்து எழுதாமல், முழுவதும் ஆங்கிலேயர் கருத்தாலும் கையாலும் உருவாகிய முதல் நாற்சக்கரப் பெட்ரோல் வண்டி அதுவே என்பர்.

அந்நாளில் சட்டம் மோட்டார் வண்டிக்குப் பகையாக இருந்தது. மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடலாகாது. வண்டியின் முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டும். 1896ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விதி நீங்கிற்று. 1903இல் இயற்றப்பட்ட சட்டம் மணிக்கு 20 மைல் ஓட இடந்தந்தது. இதனைக் கேட்ட வண்டி உரிமையாளர் மகிழ்ந்தனர். கணிதம் வல்லார்க்கோ வேறொன்று புலப்பட்டது. விரைவு இருமடங்காயின் வண்டியின் இயக்க ஆற்றல் நான்மடங்காகும் என்பது இயற்கையின் விதி. விரைவு 4 மைலிலிருந்து 20 மைலாக, அஃதாவது 5 மடங்காக உயரும்போது, ஆற்றல் 25 மடங்காக உயர்கின்றது. நிறுத்துங்கால் அவ்வாற்றல் முழுதும் வெப்பமாக மாறி எங்கேனும் சென்று தங்கியாக வேண்டும். குதிரை வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் மரக்கட்டையை அழுத்திய பழைய முறை இதற்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்?

தட்டும் தாடையும்

இவ்வினாவுக்கு லாஞ்செஸ்டர் கண்ட விடை 1902ஆம் ஆண்டு அவர் பெற்ற உரிமைப் பத்திரத்தில் உள்ளது. சக்கரத்தோடு பிணைந்து உடன் சுழலும் மெல்லிய உலோகத் தட்டு ஒன்று. அதன் விளிம்பை இருபுறத்தும் ஒருங்கே கவ்வும் தாடைகள் இரண்டு. தட்டு திறந்த வெளியிற் சுழல்வதால், பிறந்த வெப்பத்தைக் காற்று உடனே கொண்டுபோம். இருபுறமும் ஒத்த அழுத்தம் வீழ்வதால் தட்டு ஒருபக்கம் வளையாது. இன்று டிஸ்க் பிரேக் என்று நாம் வழங்குவது இதுவே.

உருவம் பிழையற்றது, பொருள்தான் கைகொடுக்கவில்லை. தாடைகளிற் பொருத்துதற்கு அவர்க்குக் கிடைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உராய்ந்தபோது எழுந்த கிறீச்சொலி காதைத் துளைத்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, வண்டி தெருமுனையைத் திரும்புமுன்னரே அதன் பிரேக்கின் ஓலம் ஊரை எட்டிற்று. அன்றியும், அக்காலத்துச் சாலைகள் தார் இடப்பெறாதவை; சக்கரம் வாரி இறைத்த புழுதி தட்டுக்கும் செம்புக்கும் இடையே புகுந்து, செம்பை விரைவில் அரைத்துத் தின்றது. காகிதத்தில் வென்ற கருத்துப் புழுதியில் தோற்றது.

இக்குறையைத் தீர்க்கும் வழி வேறொருவர் கையில் இருந்தது. டார்பிஷயர் நாட்டில் ஹெர்பர்ட் புரூட் என்பார், மலைச்சரிவில் இறங்கும் பாரவண்டிக்காரர் பழைய காலணித் தோலைத் தடைக்கட்டையின்மேற் பொருத்தி வண்டியை அடக்குதலைக் கண்டு, உராய்வுப் பொருள்களை ஆராயத் தொடங்கியவர். 1907ஐ ஒட்டி அவர் கல்நாரைக் கொண்டு அமைத்த பட்டைகள் ஓலத்தை அடக்கின, தேய்வையும் குறைத்தன. எனினும் மூடிய உருளைக்குள் அமைந்த டிரம் பிரேக்கே அப்போது பெருவழக்காயிற்று. புழுதி உட்புகாத அம்முறை அக்காலச் சாலைக்கு ஏற்றதாயிருந்தது. லாஞ்செஸ்டரின் தட்டு ஏட்டளவில் உறங்கிற்று. அன்று நல்ல மருந்தெனத் தோன்றிய கல்நாரும், அதன் தூசி நுரையீரலிற் புற்றுநோய் விளைப்பது தெளிவானபின், 1999இல் ஆங்கில நாட்டில் முற்றும் விலக்கப்பட்டது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை இவ்விரு செய்திகளும் நமக்கு அறிவுறுத்துகின்றன.

பறத்தலும் போரும்

லாஞ்செஸ்டர் மோட்டார் வண்டியோடு நின்றவரல்லர். பறவை காற்றில் நிலைபெறுவது எங்ஙனம் என்று பல்லாண்டு ஆராய்ந்து, 1894இல் பர்மிங்காமில் ஒரு சங்கத்தார் முன் தம் கருத்தை வெளியிட்டார். அதனை விரித்தெழுதிய கட்டுரையை அறிஞர் சங்கத்தார் அச்சிட இசைந்திலர். மனந்தளராமல் 1907இலும் 1908இலும் இரண்டு பெருநூல்களாக அதனை வெளியிட்டார். சிறகைச் சுற்றிக் காற்றுச் சுழல்வதாலேயே அது மேலெழும்புகின்றது என்னும் அவர் கொள்கையை, ஜெர்மானிய அறிஞர் லூட்விக் பிராண்டில் பின்னர்க் கணித வடிவில் நிலைநாட்டினார். இன்று அது இருவர் பெயராலும் வழங்குகின்றது.

1914இல் பெரும்போர் மூண்டபோது, படைகளின் வலிமையைக் கணிதத்தால் அளக்க முயன்றார். தொலைவிலிருந்து சுடும் கருவிகளோடு பொரும் படைகளின் வலிமை, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும் என்று காட்டினார். வண்டியின் விரைவில் வர்க்க விதியின் வன்மையை உணர்ந்தவர், போர்க்களத்திலும் அதனையே கண்டனர் போலும். இவ்வாராய்ச்சி 1916இல் நூலாயிற்று. 1922இல் இராயல் சங்கம் இவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

புகழ் வந்த அளவு பொருள் வரவில்லை. அவர் தொடங்கிய வண்டித் தொழிற்சாலை, ஆர்டர்கள் மிகுந்திருந்தும் முதற்பணம் போதாமையால், 1904இல் கடன்காரர் பொருட்டு நியமிக்கப்பட்டவர் கைக்குச் சென்றது; மறு ஆண்டு புதிய பெயரில் எழுந்தது; 1931இல் பிறர் உடைமையாயிற்று. 1919இல் டோரதியா கூப்பர் அம்மையாரை மணந்தார், மக்கட்பேறு இல்லை. முதுமையில் நடுக்கு நோயும் கண்மங்கலும் அவரை வருத்தின. அறநிலையங்களின் உதவி கொண்டே தம் இல்லத்தில் வாழ்ந்து வந்தார். 1945இல் ஜேம்ஸ் வாட் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆம் நாள் பர்மிங்காமில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார்.

உறங்கிய தட்டு விழித்தது

அவர் மறைந்து ஏழாண்டு கழிந்தபின், 1953இல் பிரெஞ்சு நாட்டு லே மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டிகள் முதலிடம், இரண்டாமிடம், நான்காமிடம் ஆகியவற்றைப் பெற்றன. மூடிய உருளைக்குள் வெப்பம் தேங்கப் பிற வண்டிகள் தளர்ந்தன. திறந்த தட்டோ மீண்டும் மீண்டும் ஆறித் தன் பணியைச் செய்தது. அதுமுதல் உலகெங்கும் தட்டே ஆட்சி செய்கின்றது. உரிமைப் பத்திரத்தின் காலமோ எப்போதோ முடிந்திருந்தது.

அத்தட்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆயது. இரும்பு விலை குறைந்தது. வெப்பத்தை நன்கு கொள்வது. தன்னுள் விரவிய காரீயகத் துகள்களால் அதிர்வை அடக்கி ஒலியைக் குறைப்பது. அதன் குறைகள் பாரமும் துருவும். 2001இல் போர்ஷே தொழிற்சாலையார் தம் விரைவு வண்டி ஒன்றிற்குச் செராமிக் தட்டுகளைப் பூட்டினர். கார்பன் இழைகளைப் பிசினோடு அழுத்திச் சூளையில் வேகவைத்து, உருகிய சிலிக்கனை அதனுட் புகுத்த, இரண்டும் சேர்ந்து வைரத்திற்கு அணித்தான வன்மையுடைய பொருளாகின்றன. இதன் பாரம் இரும்பின் பாரத்தில் ஏறக்குறையப் பாதி. சக்கரத்தோடு இயங்கும் பாரம் குறையவே, மேடு பள்ளங்களில் சக்கரம் சாலையை விட்டு எழும்பாமல் ஒட்டி ஓடும். துருப்பிடிப்பதில்லை, கரிய தூள் சக்கரத்திற் படிவதும் அரிது. சாலையில் மட்டும் ஓட்டுவார்க்கு நெடுங்காலம் உழைக்கும்.

ஆயின் அதனை வாங்கும் பணத்திற்குச் சிறு வண்டி ஒன்றே வாங்கிவிடலாம். கல் பட்டாலோ, சக்கரத்தைக் கழற்றும்போது கருவி இடித்தாலோ அதன் விளிம்பு பெயர்ந்துபோம். பந்தயப் பாதையில் ஓயாது வெப்பமுற்றால் உள்ளிருக்கும் கார்பன் மெல்ல எரிந்து குறையும். அப்போது தட்டையே மாற்றவேண்டும். இதனாலேயே, அடிக்கடி பந்தயப் பாதையில் ஓட்டுவோர் பலர் செராமிக்கைக் கழற்றி வைத்து இரும்பைப் பூட்டுகின்றனர்.

1,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 200 கிலோமீட்டர் விரைவிலிருந்து ஒருமுறை நிற்கும்போது எழும் வெப்பம், ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யும். ஒருமுறை நிற்றற்கு இரண்டு தட்டுகளும் போதியனவே. அங்கே எல்லையிடுவது தட்டன்று, டயர் சாலையைப் பற்றும் பிடி. பத்துமுறை, இருபதுமுறை அடுத்தடுத்து நிறுத்துவார்க்கே வேறுபாடு புலப்படும். ஆகவே சிறந்தது எது என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. எவ்வளவு வெப்பம், எத்தனை முறை, எத்தகைய சாலை, யாருடைய பணம் என்று கேட்டல் வேண்டும். செல்வர் தம் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுவதோடு அமைவாராயின் செராமிக் அவர்க்குப் பொருந்தும். வாரந்தோறும் பந்தயப் பாதை புகுவாராயின் இரும்பே துணை. செம்பைப் புழுதி தின்றபோது லாஞ்செஸ்டர் கற்ற பாடமும் இதுவே: பொருளின் தகுதியை அது செய்யவேண்டிய பணியே முடிவு செய்யும்.

இன்று கவென்றி நகரத்துப் பல்கலைக்கழக நூலகக் கட்டடம் லாஞ்செஸ்டரின் பெயர் தாங்கி நிற்கின்றது. பட்டம் பெறாமற் கல்லூரியை விட்டவரின் பெயர், பட்டம் நாடுவோர் நாள்தோறும் நுழையும் வாயிலில் விளங்குகின்றது. அதனினும் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. மலைச்சரிவில் இறங்கும் வண்டியின் முன்னே குழந்தை ஒன்று ஓடிவர, ஓட்டுவோன் காலை அழுத்த, தாடைகள் தட்டைக் கவ்வ, வண்டி நிற்கின்றது. அத்தட்டு இரும்பாயினும் ஆகுக, செராமிக்காயினும் ஆகுக; அதனைக் கவ்வும் தாடை 1902இல் ஒருவர் உள்ளத்தில் வரையப்பட்டது. தம் கருத்துக்கேற்ற பொருள் தம் காலத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக அவர் அக்கருத்தை எழுதாமல் விட்டாரல்லர். பயன் பிறர்க்கு ஆகுமெனினும் செய்வன திருந்தச் செய்த அவர் வாழ்வு, கற்கும் நமக்குக் கைவிளக்காகும்.