எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை: அவைச் செயலரும் காலக் கணிதரும்

தமிழ் இலக்கிய வரலாற்றைப் பயில்வோர் அனைவரும் ஏதேனும் ஓர் அடிக்குறிப்பில் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை என்னும் பெயரைக் கண்டிருப்பர். சிலப்பதிகாரத்தின் காலம் பற்றிய கட்டுரைகளில் அப்பெயர் பெரும்பாலும் மறுக்கப்படுவதற்காகவே வரும். கல்வெட்டு ஆய்வு நூல்களிலோ, மறுக்க இடமின்றி நம்பப்படும் பெயராக வரும். ஒரே மனிதர் ஒரு துறையில் மறுக்கப்பட்டும் மற்றொரு துறையில் அளவுகோலாக ஏற்கப்பட்டும் நிற்பது ஏன் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் செயலராகப் பணியாற்றிப் பின்னர் அம்மன்றத்தின் தலைவர் இருக்கையிலேயே அமர்ந்தவர் என்பதை அறிந்தோர் அதனினும் குறைவு.

பதிவாளர் பணி

1865ஆம் ஆண்டில் பிறந்த லூயிஸ் தொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சார்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தையும் பெற்றார். அரசுப் பணியில் சேர்ந்து, இந்தியர்க்கு அக்காலத்தில் எளிதில் எட்டாத உயர் பதவிகளுக்குப் படிப்படியாக உயர்ந்தார். திவான் பகதூர் முதலிய பட்டங்கள் அவரை நாடி வந்தன.

அப்பதவிகளுள் குறிப்பிடத்தக்கது கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் பதவியாகும். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணத்தின் முதற் பதிவாளராகப் பொறுப்பேற்றவர் பெ. இராசகோபாலாச்சாரியார். பின்னாளில் அதே இருக்கையில் சுவாமிக்கண்ணுப் பிள்ளை அமர்ந்தார். வட்டிக்கடையை நம்பி வாழ்ந்த உழவர்க்குச் சிற்றூர்தோறும் கடன் சங்கம் அமைத்துத் தருவது அத்துறையின் வேலை. ஒவ்வொரு சங்கத்தின் பேரேட்டையும் சரிபார்ப்பதும், கணக்கில் ஒரு காசு தவறினும் அதன் காரணத்தைக் கண்டறிவதும் பதிவாளரின் கடமை. எழுதியவர் யாராயினும் எழுதப்பட்ட எண்ணைச் சரிபார்த்த பின்னரே ஏற்பது என்னும் பழக்கம் அவரிடம் ஆழ வேரூன்றியிருந்தது. அவருடைய ஆய்வு நூல்கள் அனைத்தும் அந்தப் பழக்கத்தின் விளைவுகளே எனலாம்.

நாள்களின் பேரேடு

நம் முன்னோர் கல்லிலும் செப்பேட்டிலும் நாளைக் குறித்த முறை இன்றைய முறையன்று. சக ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் ஆண்டின் பெயர், ஞாயிற்று மாதம், வளர்பிறை தேய்பிறை, திதி, கிழமை, நாள்மீன் என இவற்றுட் சிலவற்றையோ பலவற்றையோ சேர்த்து எழுதினர். இன்னும் பழைய கல்வெட்டுகளில் சக ஆண்டும் இராது. மன்னனின் ஆட்சியாண்டு மட்டுமே இருக்கும். ஆட்சியாண்டை மட்டும் கொண்டு காலம் காண்பது அரிது. பிற்காலப் பாண்டியருள் சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்னும் பெயரினர் ஒருவர் அல்லர். மாறவர்மன் குலசேகரனும் ஒருவன் அல்லன். எந்தக் கல்வெட்டு எந்தச் சுந்தரபாண்டியனுடையது என்று பிரித்தறிய அக்கல்வெட்டிற் கண்ட கிழமையும் திதியும் நாள்மீனுமே துணை.

திதி என்பது ஞாயிற்றினின்று திங்கள் பன்னிரண்டு பாகை விலகுவதற்கு ஆகும் காலம். நாள்மீன் என்பது வான்வட்டத்தை இருபத்தேழாகப் பகுத்த ஒரு பகுதியைத் திங்கள் கடக்கும் காலம். இவ்விரண்டும் கதிரவன் தோன்றும் பொழுதோடு ஒத்துத் தொடங்குவனவும் அல்ல. ஒத்து முடிவனவும் அல்ல. ஆகவே, குறித்த மாதத்தில் குறித்த திதியும் குறித்த நாள்மீனும் குறித்த கிழமையில் கூடிவருவது எல்லா ஆண்டுகளிலும் நிகழாது. அவை கூடும் ஆண்டைக் கண்டால் கல்வெட்டின் காலத்தைக் கண்டதாகும். ஆனால் அதைக் காணப் பஞ்சாங்கக் கணிதத்தில் நெடுங்காலப் பயிற்சி வேண்டும். ஒரு கல்வெட்டுக்காக ஒருவர் பல நாள் கணக்கிட வேண்டியிருந்தது. கீல்ஹார்ன் போன்ற செருமானிய அறிஞர்களும், 1896ஆம் ஆண்டில் இந்திய நாட்காட்டி நூலை வெளியிட்ட இராபர்ட் சூவெல், சங்கர பாலகிருஷ்ண தீட்சிதர் ஆகியோரும் இத்துறையில் வழிவகுத்தனர். எனினும் கணிதம் அறியாத ஆய்வாளர்க்கு வாயில் அடைபட்டே இருந்தது.

அந்த வாயிலைத் திறந்தவர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 1911ஆம் ஆண்டில் அவருடைய இந்தியக் காலக் கணித நூல் வெளிவந்தது. 1913ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1922ஆம் ஆண்டில் சென்னை அரசு அச்சகம் அவருடைய பெருநூலாகிய இந்திய நாள்கணித அட்டவணையை ஏழு தொகுதிகளாக வெளியிட்டது. கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நாள்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய திதியும் நாள்மீனும் எப்பொழுது முடிந்தன என்பதை நாழிகை விநாழிகைக் கணக்கை விடுத்துத் தசமப் பின்னத்தில் தந்தார். கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் ஒரு கல்வெட்டின் நாளைத் தாமே சரிபார்க்க முடியும் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று.

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியே பழனிக்கு நடந்து செல்வோர் பூசமும் நிறைமதியும் கூடும் நாளைப் பஞ்சாங்கத்தைப் புரட்டி அறிவர். அதே பூசம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எந்தக் கிழமையில் வந்தது என்று அறிய வேண்டுமாயின் புரட்ட வேண்டிய நூல் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் நூல். திண்டுக்கல் சமவெளியின் கோயிற் சுவர்களில் விசயநகரர், நாயக்கர் காலத்தார் வெட்டிய எழுத்துகளைப் படிக்க முனைவோர்க்கும் அதுவே கைவிளக்கு.

செயலர் இருக்கையிலிருந்து தலைவர் இருக்கைக்கு

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் புதிய சட்டமன்றம் அமைந்தது. 1920ஆம் ஆண்டு நவம்பரில் தேர்தல் நடந்தது. 98 உறுப்பினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1921 சனவரியில் கன்னாட் கோமகன் மன்றத்தைத் தொடங்கி வைத்தார். முதல் தலைவராக அமர்ந்தவர் முன்னர்ப் பதிவாளராயிருந்த இராசகோபாலாச்சாரியார். மன்றத்தின் செயலர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை.

அதற்குமுன் அத்தகைய மன்றம் இந்நாட்டில் இருந்ததில்லை. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடமும், நிதி, காவல் போன்றவை ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் பிரிந்து கிடந்தன. எந்த வினாவை எவர் விடுக்கலாம், எந்தத் தீர்மானம் எந்த நாளில் வரலாம், எதற்கு வாக்கெடுப்பு உண்டு, எதற்கு இல்லை என்பன அனைத்தும் புதிய வினாக்கள். விதிநூலை விரித்து விடை காணும் பொறுப்பு செயலருடையது. அவர் பேசக்கூடாது, வாக்களிக்கவும் கூடாது. பேசியோரின் பேச்சையும் வாக்களித்தோரின் எண்ணிக்கையையும் உள்ளவாறே பதிவு செய்ய வேண்டும். நீதிக்கட்சியினரும் அவர்களை எதிர்த்தோரும் கடுமையாக மோதிய அம்மன்றத்தில் இரு சாராரும் ஒப்பும் பதிவேட்டை வைத்திருப்பது எளிதான செயல் அன்று.

அவருடைய காலத்தில் அம்மன்றம் செய்த செயல்கள் சிறியன அல்ல. 1921ஆம் ஆண்டில் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. அவ்வகையில் இந்திய மாகாணங்களுக்குச் சென்னை முன்னோடியாயிற்று. 1923ஆம் ஆண்டில் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. இந்துக் கோயில் அறநிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டமுன்வடிவு பெரும் வாதங்களைக் கடந்து 1925ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. 1923 நவம்பரில் பனகல் அரசரின் அமைச்சரவைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, 44க்கு எதிராக 65 வாக்குகளால் தோற்றது. வாக்கெண்ணிக்கை ஆட்சியைக் கவிழ்க்கவும் காக்கவும் வல்லது என்பதைத் தென்னாடு கண்ட நாள்கள் அவை.

இராசகோபாலாச்சாரியார் விலகியபின் அவருடைய இருக்கை சுவாமிக்கண்ணுப் பிள்ளைக்கு வந்தது. மன்றத்தின் ஊழியராக இருந்தவர் மன்றத்தின் உள்ளே வந்து அதன் தலைமை ஏற்றார். இத்தகைய மாற்றம் உலகெங்கும் அரிது. இங்கிலாந்தின் மக்களவைச் செயலராயிருந்து நாடாளுமன்ற நடைமுறைக்கு இலக்கணம் வகுத்த எர்ஸ்கின் மே 1886ஆம் ஆண்டில் பிரபுப் பட்டம் பெற்ற ஒரு வாரத்தில் மறைந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் மக்களவையின் செயலராயிருந்த எம். என். கவுல் ஓய்வுக்குப்பின் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். இவ்வரிசையில் காலத்தால் கவுலுக்கு முற்பட்டவர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. செயலராயிருந்து பழகிய விதிகளைத் தலைவராயிருந்து தீர்ப்பாகச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஆனால் அவ்வாய்ப்பு நெடிது நிலைக்கவில்லை. 1925 செப்டம்பரில், தம் அறுபதாம் வயதில், தலைவராயிருக்கும்போதே அவர் காலமானார்.

சிலம்பின் காலம்

தமிழறிஞர் அவரோடு மாறுபட்ட இடம் இனி வருவது. உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடும், 1918ஆம் ஆண்டில் பரிபாடலையும் பதிப்பித்தார். இரண்டிலும் வானியற் குறிப்புகள் உள்ளன. மதுரை எரியுண்ட நாள் ஆடி மாதம், தேய்பிறை எட்டாம் நாள், கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று சிலம்பு கூறும். கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு நீங்கிய நாளுக்கு அடியார்க்கு நல்லார் தம் உரையில் கணிதக் குறிப்புத் தருகிறார். வையையில் வெள்ளம் பெருகிய காலத்துக் கோள்நிலைகளைப் பரிபாடலின் பதினோராம் பாடல் விரிக்கும்.

இக்குறிப்புகளைச் சுவாமிக்கண்ணுப் பிள்ளை கல்வெட்டைச் சரிபார்த்தது போலவே சரிபார்த்தார். மதுரை எரிந்த நாள் கி.பி. 756 சூலை 23 என்றும், பரிபாடல் கூறும் நாள் கி.பி. 634 சூன் 17 என்றும் முடிவு கூறினார். கயவாகு மன்னனின் காலத்தை ஒட்டிச் சிலம்பை இரண்டாம் நூற்றாண்டில் வைத்திருந்த தமிழுலகு அதிர்ந்தது. கனகசபைப் பிள்ளை போன்றோர் வகுத்த வரலாற்றுச் சட்டகத்தினின்று நூலை ஆறு நூற்றாண்டுகள் கீழிறக்கியது அம்முடிவு. வி. ரா. இராமச்சந்திர தீட்சிதர் உள்ளிட்டோர் மறுத்து எழுதினர்.

மறுப்புகள் வலியன. அடியார்க்கு நல்லார் சிலம்புக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அவர் தந்த கணிதம் அவருடைய காலத்துப் புலமையேயன்றி இளங்கோவின் சான்று அன்று. ஒரு காப்பியப் புலவன் நாளைக் குறிப்பது அவல நிகழ்ச்சிக்கு ஏற்ற தீநிமித்தத்தைக் காட்டுதற்காகவும் இருக்கலாம். அதைச் சாசன நாளாகக் கொள்ளல் பொருந்தாது. பின்னர் அறியப்பட்ட புகளூர்க் கல்வெட்டுச் சேரர் மூவரும் சங்க காலத்தைத் தொல்லெழுத்தின் துணையால் முற்காலத்திலேயே நிலைநிறுத்தினர். சிலம்புக்கு 756 என்னும் ஆண்டை இன்று ஏற்போர் அரியர்.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. அவருடைய கணக்கில் பிழை இல்லை. 756 சூலை 23 வெள்ளிக்கிழமைதான். தேய்பிறை எட்டாம் நாளை ஒட்டியதுதான். பிழை, கணக்கிடத் தகாத ஒன்றைக் கணக்கிட முனைந்ததில் இருந்தது. பேரேட்டையும் கல்லையும் படித்த கண்ணால் கவிதையையும் படித்தார். அதனால் அவர் தமிழை இகழ்ந்தார் என்பது பொருந்தாது. தமக்கு உவப்பான காலத்தை முன்னரே வகுத்துக்கொண்டு அதற்கேற்ப எண்களை வளைக்க அவருக்கு வழி இருந்தது. ஆறு நூற்றாண்டு முன்னே தள்ளியிருந்தால் மாலைகள் வந்திருக்கும். அதை அவர் செய்யவில்லை. மேலும், தம்மை மறுப்பதற்கு வேண்டிய அட்டவணைகளைத் தாமே அச்சிட்டு எல்லார் கையிலும் தந்தார். மறுத்தவர்களும் நாள்களைச் சரிபார்க்க அவருடைய தொகுதிகளையே திறந்தனர்.

அவையில் அவர் கடைப்பிடித்த அறமும் இதுவே. செயலர் தம் விருப்பத்தைப் பதிவேட்டில் எழுதலாகாது. பதிவேட்டை எவரும் திறந்து பார்க்க இயல வேண்டும்.

தமிழின் தொன்மையைப் பேசும் மேடைகள் எக்காலத்திலும் குறைந்ததில்லை. தொன்மையைச் சரிபார்க்கும் கைகள் எக்காலத்திலும் மிகச் சிலவே. கவிஞர்க்கு அவர் கணக்கு கசக்கலாம். கசந்ததற்குக் காரணமும் உண்டு. ஆனால் கவிதையைக் காக்கக் கவிதையாலேயே விடை கூற வேண்டும் என்னும் கடமையைத் தமிழ்ப் புலமைக்கு உணர்த்தியது அந்தக் கணக்கே. நூறாண்டு கடந்தபின்னும் ஒரு சிற்றூர்க் கோயிலின் மங்கிய கல்லில் மாதமும் திதியும் கிழமையும் தெரியும்போது, அதற்கு ஆண்டு காண முனைபவர் கை அவருடைய ஏழு தொகுதிகளை நோக்கியே நீளும். பெயரை மறந்தாலும் உழைப்பை மறக்க முடியாதவாறு செய்துவிட்டுச் சென்றவர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை.