பெயர் கேட்ட கமிஷனர்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு முன்பு, ஏறத்தாழ 28 லட்சம் பெண்களை வாக்காளர் ஜாபிதாவிலிருந்து நீக்கும்படி நேர்ந்தது. அவர்களுடைய பெயர்களை நீக்கினார்கள் என்று சொல்வதுகூடத் தவறு. பெயர் இல்லாததுதான் அங்கே குறை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே எழுதப்பட்டிருந்த ஸ்திரீகள் அவர்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் ஓட்டு உண்டு, சொல்லாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டியவர் சுகுமார் சென்.

யார் இந்தச் சுகுமார் சென்? இந்தியாவின் முதலாவது தலைமைத் தேர்தல் கமிஷனர். ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் இது. வங்காளத்தில் படித்த குடும்பத்தில் பிறந்து, கல்கத்தா பிரெசிடென்ஸி கல்லூரியிலும் பிறகு லண்டன் சர்வகலாசாலையிலும் பயின்று, கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1921-ம் வருஷத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார். பல ஜில்லாக்களில் பணி, பிறகு ஜட்ஜ் வேலை, பிறகு மேற்கு வங்க சர்க்காரின் சீஃப் செகரட்டரி பதவி. பின்னாளில் மத்திய சட்ட மந்திரியாக இருந்த அசோக் குமார் சென் இவருடைய தம்பிதான். இப்படி ஒழுங்காக ஏணிப்படி ஏறிய ஓர் அதிகாரியைத்தான் 1950 மார்ச் 21-ந் தேதி டில்லியில் உட்கார வைத்து, நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்திக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

பிரதம மந்திரி நேருவுக்கு அவசரம். 1951-ம் வருஷத்து வசந்த காலத்திலேயே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சென்னுக்கு அவசரம் இல்லை. கணக்குப் பிள்ளைக்கு என்றைக்கு அவசரம் இருந்தது? 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள்; நூற்றுக்கு 85 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒவ்வொருவரையும் வீடு தேடிக் கண்டுபிடித்து, பெயர் எழுதி, அச்சுப் போட்டாக வேண்டும். ஜாபிதாவைத் தட்டச்சுச் செய்து தொகுப்பதற்கே 16,500 குமாஸ்தாக்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். எழுத்தறியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்தன. ஒரே ஆள் இரண்டாம் தடவை வராமல் இருக்க விரலில் அழியாத மை வந்தது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், பிடித்தவருடைய சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 20 லட்சம் எஃகுப் பெட்டிகள் இதற்காகத் தயாராயின.

பெட்டி செய்வது சுலபம். பெயர் வாங்குவதுதான் கஷ்டமாகிவிட்டது.

பிஹார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தானம், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் குலஸ்திரீ ஒருத்தி தன் பெயரை அந்நிய ஆடவனிடம் சொல்லக்கூடாது என்பது வழக்கம். கணக்கெடுக்க வந்த சிப்பந்தி வாசலில் நின்று கேட்பான். உள்ளேயிருந்து வரும் பதில் இன்னாருடைய சம்சாரம் என்பதுதான். பெரும்பாலும் அந்தப் பதிலைச் சொன்னவரும் வீட்டு ஆண்பிள்ளையாகவே இருந்திருக்கும். சிப்பந்தியும் அதையே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

தெற்கே இருக்கும் நாம் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பழக்கம் தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான். அரியலூர்ப் பக்கம் ஆலத்தியூரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சிமெண்ட் ஆலையால் பெயர் தெரிந்த ஊர். அந்த முதல் தேர்தலின்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த பட்டிக்காடு. இங்கெல்லாம் பெண்டுகள் தங்கள் பெயரைக் கூசாமல் சொல்லுவார்கள். புருஷன் பெயரைக் கேட்டால்தான் வம்பு! ஆறுமுகம் என்று பெயரானால் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக் காண்பிப்பாள். சுப்பிரமணியன் என்றால் பழனி மலையில் இருக்கிறவர் பெயர் என்பாள். பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன்தான் உரக்கச் சொல்லித் தொலைக்க வேண்டும். ஆனால் சட்டத்தின் முன்னே இந்த இரண்டு நாணத்துக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. புருஷன் பெயரைச் சொல்லாத தமிழ்ப் பெண் ஜாபிதாவில் தன் பெயரோடு இருந்தாள். தன் பெயரைச் சொல்லாத வடநாட்டுப் பெண் அதில் இல்லாமல் போனாள்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. 1921-ல் இந்தியாவின் மாகாணங்களுக்குள் முதன்முதலாகப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது சென்னை மாகாணம்தான். சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் ஓட்டுப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. பிறகு 1935-ம் வருஷத்துச் சட்டம் பெண் வாக்காளர் தொகையைப் பெருக்கியது. எப்படிப் பெருக்கியது தெரியுமா? சொத்துள்ள வாக்காளனுடைய மனைவி என்ற தகுதியைச் சேர்த்துத்தான்! டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி, ராஜகுமாரி அம்ருத் கௌர் முதலான மாதர் தலைவர்கள் இதைப் பலமாக ஆட்சேபித்தார்கள். தாலி கட்டியவன் நிலம் வைத்திருக்கிறான் என்பதற்காக ஒருத்திக்கு ஓட்டா, அவன் செத்துப்போனால், அல்லது நிலத்தை விற்றுவிட்டால், அவள் புத்தி குறைந்துவிடுமா என்பது அவர்களுடைய நியாயம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதே அவர்கள் கோரிக்கை. மதவாரியாகப் பெண்களைப் பிரிப்பதையும் அவர்கள் ஏற்கவில்லை.

அந்தக் கோரிக்கை 1950-ல் அரசியல் சட்டமாக வந்தே விட்டது. மனைவி என்ற தகுதி போய்விட்டது. ஆனால் சட்டத்தில் போனது ஜாபிதாவில் திரும்பி வந்து நின்றது. சுகுமார் சென்னின் மேஜைமேல் இருந்த பிரச்னை இதுதான்.

மனைவி, தாய் என்று எழுதியதையே ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன? ஒரு ராம் சிங்குக்கு மனைவி என்று வருகிறவள் அந்த மனைவிதானா என்பதற்கு என்ன அத்தாட்சி? ஒரே ஊரில் பத்து ராம் சிங்குகள் இருந்தால்? ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டியதில்லை. அதிகாரியின் கணக்கு இது. இதற்கு மேலும் ஒன்று இருந்தது. பெயரில்லாமல் ஓட்டுப் போடுகிறவள் கணவனுடைய இரண்டாவது ஓட்டாகத்தான் இருப்பாள் என்பது. ஆகவே சொந்தப் பெயர் இல்லாமல் பதிவு கூடாது என்று உத்தரவு பிறந்தது. சிப்பந்திகள் மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். பிஹாரில் இதற்கென்றே ஒரு மாதம் அவகாசம் நீட்டினார்கள். அங்கே ஓரளவு பலன் கிடைத்தது. மற்ற இடங்களில் அவ்வளவு கிடைக்கவில்லை. கடைசியில், சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் வெளியே நின்றார்கள்.

கூச்சல் எழுந்தது, எழாமல் இருக்குமா? ஆனால் சென் அந்தக் கூச்சலைக் கண்டு வருந்தவில்லை. அடுத்த தேர்தலுக்குள் இந்தப் பழக்கம் ஒழிய அதுவே உதவும் என்று கருதினார். அவர் செய்தது சரியா? வீட்டு ஆண்கள் காத்த வழக்கத்துக்கு அபராதம் கட்டியவர்கள் பெண்கள். இன்றைக்கு நினைத்தாலும் அது உறுத்துகிறது. பெண் சிப்பந்திகளை அடுக்களை வரைக்கும் அனுப்பியிருந்தால் பாதிப் பேராவது பெயர் சொல்லியிருக்கக் கூடும். ஆனாலும், அந்த 28 லட்சத்தையும் அப்படியே ஜாபிதாவில் விட்டிருந்தால் இன்னாருடைய மனைவி என்பது இன்னும் எத்தனை தேர்தலுக்கு நீடித்திருக்கும் என்று யோசிக்கும்போது, அவரைக் குறை சொல்ல நா எழவில்லை.

1951 அக்டோபர் 25-ந் தேதி இமயமலைச் சாரலில் சினி என்னும் ஊரில் முதல் ஓட்டு விழுந்தது. பனி மூடுவதற்கு முன்பே அங்கு முடிக்க வேண்டியிருந்தது. சென்னை ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் ஓட்டுப் பதிவு. நாடு முழுவதும் 1,96,084 சாவடிகள்; அவற்றில் 27,527 பெண்களுக்கென்றே தனி. திரைக்கு உள்ளே போனபிறகு அவளும் பெட்டிகளும்தான். மாமியார் இல்லை, புருஷன் இல்லை, மிராசுதார் இல்லை.

உள்ளே அவள் எதை எண்ணிப் பெட்டியைத் தேர்ந்தாள்? வீட்டில் சொல்லி அனுப்பிய சின்னத்திலேயே பலர் போட்டிருப்பார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. ஜாதிக்காரர் என்று போட்டவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் சென்னை ராஜ்யத்தில் உணவுப் பஞ்சமும் அரிசிப் பங்கீடும் இருந்தன. அளந்து போட்ட அரிசியில் கல்லைப் பொறுக்கியவள் அவள்தானே? 375 ஸ்தானங்கள் கொண்ட சென்னை சட்டசபையில் காங்கிரஸுக்கு 152 ஸ்தானங்களே கிடைத்தன. இதில் பெண்களின் பங்கு எவ்வளவு என்பது பெட்டிக்குத்தான் வெளிச்சம். அதே தேர்தலில் திண்டுக்கல் தொகுதி அம்மு சுவாமிநாதனையும், திருவள்ளூர்த் தொகுதி மரகதம் சந்திரசேகரையும் லோக்சபைக்கு அனுப்பின. ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. பெண் என்பதற்காக விழுந்தது எத்தனை, கட்சிக்காக விழுந்தது எத்தனை என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, 1952 மே 2-ந் தேதி முதல் ஜனாதிபதித் தேர்தல். தேர்தல் கமிஷனின் மேற்பார்வையில் நடந்த அதில் ராஜேந்திர பிரசாத் 5,07,400 ஓட்டுப் பெற்றார். எதிர்த்து நின்ற கே. டி. ஷா 92,827. இந்தத் தேர்தலில் பாமரருக்கு நேர் ஓட்டு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். ஆனால் ஓர் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு என்ன என்பதை அந்த ராஜ்யத்தின் ஜனத்தொகையைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஜாபிதாவில் விட்டுப்போன 28 லட்சம் பேரும் ஜனத்தொகையில் அடக்கம். ஒரு பெட்டியிலும் ஓட்டுப் போடாத அந்தப் பெண்கள், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் மட்டும் தலையெண்ணிக்கையாக நின்றார்கள். வேடிக்கையான கணக்கு!

அரை நூற்றாண்டு கழித்து, 2002-ல், அம்மு சுவாமிநாதனின் மகள் கேப்டன் லட்சுமி ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டார். எதிரே ராமேஸ்வரத்து அப்துல் கலாம். பெண் என்று பார்ப்பதா, கட்சி என்று பார்ப்பதா என்ற கேள்வி ஓட்டுள்ள பெண் உறுப்பினர்களுக்கு முன்னே இருந்தது. பெரிய கட்சிகள் கலாம் பக்கம், அவரே வென்றார். 2007-ல் பிரதிபா பாட்டீல் நின்றபோது எதிரணியில் இருந்த சிவசேனை, மராட்டியர் என்பதற்காக அவரை ஆதரித்தது. 2022-ல் திரௌபதி முர்முவைப் பழங்குடி மகள் என்பதற்காக ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா ஆதரித்தது. ஊரும் இனமும் கட்சியை மீறியதை இப்படிக் கண்டோம். பெண் என்ற ஒன்றே கட்சியை மீறியதாக இதுவரை தெரியவில்லை.

சென்னின் கதைக்குத் திரும்புவோம். 1953-ல் சூடான் தேசத்தார் தங்கள் முதல் தேர்தலை நடத்தித் தரும்படி அவரை அழைத்துக்கொண்டார்கள். 1954-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1957-ல் இரண்டாம் பொதுத் தேர்தல். பழைய எஃகுப் பெட்டிகளைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்ததால் செலவு குறைந்தது. பெண்களின் பதிவு அந்தத் தடவை வெகுவாக உயர்ந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பெயரோடு ஜாபிதாவில் ஏறினார்கள். ஆட்சேபம் செய்தவர்களின் வாயை இந்தத் தொகை அடைத்துவிட்டது.

1958 டிசம்பரில் பதவியிலிருந்து விலகி, 1960-ல் பர்துவான் சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தரானார். 1963 மே மாதம் காலமானார். தம்மைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் எழுதி வைக்கவில்லை. எழுதியவை சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கைகள்தாம்: மை எவ்வளவு, காகிதம் எவ்வளவு, பெட்டி எவ்வளவு என்று. அந்தக் கணக்குகளுக்கு நடுவேதான் பெயர் சொல்லாத 28 லட்சம் பெண்களும் இருக்கிறார்கள்.