சேர் சாமுவேல் பேக்கரும் ஊவாவின் யானைகளும்

யானை வேட்டையினாற் பெயர் பெற்ற ஆங்கிலேயர் இருவரின் வரலாறு ஊவா மாகாணத்தோடு பிணைந்து கிடக்கின்றது. ஒருவர் பதுளையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்து ஆட்சி புரிந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ். மற்றவர் பிற்காலத்தில் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிச் சென்று உலகப் புகழ் எய்திய சேர் சாமுவேல் வைற் பேக்கர். முன்னவர் எண்ணிக்கையினாற் பேசப்பட்டார். பின்னவரோ, எந்தத் துவக்கு, எத்தனை நிறைக் குண்டு, எவ்வளவு மருந்து என்னும் ஆராய்ச்சியினாற் பேசப்பட்டார். அந்த ஆராய்ச்சியின் வழியே அவருடைய வாழ்க்கையை நோக்குவது பயனுடையது.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் பெருஞ் செல்வர். ஜமைக்காவிலும் மொரீஷியசிலும் கரும்புத் தோட்டங்கள் உடையவர். எனினும் கணக்கேடுகளிலே மைந்தரின் உள்ளம் தோயவில்லை. துவக்குச் செய்யும் கலையே அவரை ஈர்த்தது. அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற பித்தளைத் தோட்டா இல்லை. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை இட்டு, கோலினால் இடித்து இறுக்கவேண்டும். ஆதலால் தோட்டாவைத் தெரிவு செய்தல் என்பது, குண்டின் நிறையையும் மருந்தின் அளவையும் வேட்டைக்காரன் தானே தீர்மானிப்பதாக இருந்தது.

வரியுள்ள குழலில் மருந்தைக் குறைத்தே இடவேண்டும் என்பது அந்நாளைய துவக்குத் தொழிலாளரின் கொள்கை. அதற்குக் காரணமும் இருந்தது. குழலின் உள்ளே திருகிச் செல்லும் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்றாற்றான் குண்டு நேரே பாயும். மருந்து மிகுந்தால், மென்மையான ஈயம் பள்ளங்களை விட்டு வழுக்கிச் சுழற்சியை இழந்துவிடும். மருந்தைக் குறைத்தாலோ குறி தப்பாது. ஆயினும் பெருவிலங்கின் என்பைத் துளைக்கும் வலிமை இராது.

இந்தச் சிக்கலுக்குப் பேக்கர் கண்ட தீர்வு எளியது. திருகலை மெதுவாக்குதல் ஒன்று; குண்டைச் சுற்றி ஒரு பட்டி அமைத்து அதனைப் பள்ளத்திலே பொருந்தச் செய்தல் மற்றொன்று. பட்டி பற்றிக்கொள்ளுமாதலால் குண்டு வழுக்காது. மருந்தையும் வேண்டுமளவு கூட்டலாம். 1840ஆம் ஆண்டிலே, பத்தொன்பது வயது இளைஞராக இருந்தபோதே, பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக் கொண்டு இம்முறையில் ஒரு துவக்கைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டு 3 அவுன்சு, கூம்புக் குண்டு 4 அவுன்சு. ஒரு வெடிக்கு இட்ட மருந்து 16 திராம், அஃதாவது முழுதாக ஓர் அவுன்சு. அக்காலத்தவர் இதனைக் கேட்டு வியந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

1843இல் என்றியேற்றா மாட்டின் என்னும் மங்கையை மணந்து, மறு ஆண்டு மொரீஷியசுக்குச் சென்ற பேக்கர், அங்கே நிலைத்திருக்க மனமின்றி, 1846இல் இலங்கைக்கு வந்தார். யானை வேட்டையே அவரை இழுத்து வந்தது. காய்ச்சலினால் நலிந்து நுவரெலியாவுக்குப் போனவர், அதன் குளிர்ந்த காற்றினால் உடல் தேறி, அவ்விடத்திலேயே குடியேறத் துணிந்தார். இங்கிலாந்துக்கு மீண்டு, 1848இல் குடும்பத்தார், பண்ணையாட்கள், கால்நடைகள், வேட்டைநாய்கள் ஆகியவற்றுடன் திரும்பி வந்து ஒரு பண்ணையை அமைத்தார். 1855 வரை அவருடைய வாழ்வு அங்கே கழிந்தது. ஹோட்டன் சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கிப் பதுளையைக் கடந்து சென்றால் ஊவாவின் கிழக்குத் தாழ்நிலம் வரும். நில்கல, பிபிலைப் பக்கத்துப் புல்வெளிகளும் இடையிடையே நிற்கும் மரச்சோலைகளும் ஒரு பெரும் பூங்காவைப் போலத் தோன்றியமையால், வேட்டைக்காரர் அதற்குப் பூங்கா என்றே பெயரிட்டனர். பேக்கருக்கு மிக விருப்பமான வேட்டைக்களங்களுள் இஃது ஒன்று. ஆனால் அந்த நிலம் எவ்வாறு யானைகளின் நிலமாயிற்று என்பதையும் நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அதனை அடுத்துள்ள வெல்லஸ்ஸைப் பகுதி, ஓர் இலட்சம் வயல்கள் என்னும் பொருளுடைய பெயர் பெற்றது. 1817-1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கில அரசு அடக்கியபோது ஊர்கள் எரிக்கப்பட்டன. பயிர்களும் நீர்ப்பாசனமும் அழிக்கப்பட்டன. மக்கள் மடிந்தும் சிதறியும் போயினர். வயல் கிடந்த இடத்தில் காடு வளர்ந்தது. காட்டிலே யானை பெருகியது. வேட்டைக்காரர் சொர்க்கமெனக் கண்டது, மற்றொரு வகையிற் பார்த்தால், ஒரு பாழ்நிலமே.

றொஜர்ஸ் அதிபராய் இருந்ததும் இவ்வூவாவிலேதான். வீதிகளும் பாலங்களும் அமைத்து நாட்டை ஒழுங்குபடுத்தியவர் என்ற நற்பெயர் அவருக்கு உண்டு. அவர் கொன்ற யானைகள் 1,300க்கு மேற்பட்டவை என்று சொல்லப்படுகின்றது. 1845 ஜூன் 7ஆந் திகதி, அப்புத்தளையிலே புயலுக்கு ஒதுங்கியிருந்தவர், மழை ஓய்ந்ததோ என்று பார்க்க வெளியே வந்த கணத்தில் இடி விழுந்து மாண்டார். யானைகளின் பழி என்று ஊரார் பேசிக்கொண்டனர். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையின் மீதும் இடி விழுந்தது என்பது வழக்காறு. பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவருடைய நினைவாக எழுந்ததாகும்.

பேக்கர் இலங்கைக்கு வந்தபோது றொஜர்ஸ் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. அவர் புகழோ மங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு அடித் தூரத்தில் நெருங்கி நின்று, நெற்றியிலே மூளைக்கு நேராகச் சுட்டால், சாதாரணத் துவக்கே போதும் என்பது அக்கால இலங்கை வேட்டைக்காரர் பலரின் நம்பிக்கை. அந்த முறை பொய்யன்று. ஆயினும், யானை தலையை உயர்த்தினாலும் திருப்பினாலும் குண்டின் வழி மாறிவிடும். முன்னெற்றியின் என்போ தேன்கூடு போன்று அறை அறையாக அமைந்தது. மூளை அதற்கு வெகு பின்னே சிறிதாய்க் கிடப்பது. வலுவற்ற குண்டு இடையிலே நின்றுவிட்டால், யானை சாகாது. புண்ணோடு காட்டுக்குள் ஓடிப் பல நாள் துன்புறும். அல்லது சுட்டவன் மேற் பாயும். வாய்வழி மருந்திடும் துவக்கை மீண்டும் நிரப்ப நேரமும் இராது. மாற்றுத் துவக்கை உடனே நீட்டும் ஏவலாளனை நம்பியே உயிர் இருந்தது. ஆகவேதான் பேக்கர் வரியில்லாக் குழலைப் பொருட்படுத்தவில்லை. 4 அவுன்சுத் துவக்கு, 2 அவுன்சுத் துவக்கு, 10ஆம் இலக்க இரட்டைக் குழல்கள் ஆகியவற்றையே கைக்கொண்டார். பெருங்குண்டும் மிகுமருந்தும் அவருக்கு ஆடம்பரமல்ல. சுடுபவனுக்குக் காப்பும் சுடப்படும் விலங்குக்கு விரைந்த முடிவுமாகும்.

1855இல் இலங்கையை விட்டு நீங்கிய அதே ஆண்டின் இறுதியில் மனைவியார் காலமானார். 1859இல் வீடின் நகரத்து அடிமைச் சந்தையிலே கண்டு மீட்ட புளோரன்ஸ் என்னும் இளநங்கையே அவருக்குப் பின்னாளில் வாழ்க்கைத் துணைவியானார். இருவரும் 1861இல் நைல் நதியின் வழியே புறப்பட்டனர். ஆங்கே பேக்கரின் இலங்கை அனுபவம் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. இலங்கையிற் பலித்த நெற்றிக் குறி ஆபிரிக்க யானையிடம் பலிக்கவில்லை. அதன் தலையின் அமைப்பு வேறு. ஈயத்திலே பாதரசம் கலந்து குண்டை வன்மைப்படுத்தினார். அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டை எறியும் ஒரு பெருந் துவக்கையும் கொண்டு சென்றார். அதனைக் குழந்தை என்று செல்லப் பெயரிட்டு அழைத்தார். அக்குழந்தையோ தன்னைத் தூக்கியவரையே உதைத்துச் சுழற்றியது. அதனைச் சுடப் பேக்கரே அஞ்சினார். வலிமையைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லையுண்டு என்பதை அவர் உணர்ந்தது அங்கேதான் எனலாம்.

1864 மார்ச் 14ஆந் திகதி அல்பேட் ஏரியைக் கண்டார். 1866இல் சேர் பட்டம் பெற்றார். 1869 முதல் நான்காண்டு எகிப்திய அரசின் சார்பில் மேல் நைல் நாட்டிலே அடிமை வாணிகத்தை ஒடுக்க முயன்றார். 1890இல் வெளியிட்ட வனவிலங்குகளைப் பற்றிய நூலில், தம் ஐம்பதாண்டு அனுபவத்தையும் தொகுத்துரைத்தார். அதற்குள் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் துவக்கு வந்துவிட்டது. உள்ளே துளையுள்ள இலகுவான குண்டையும் பலர் புகழ்ந்தனர். பேக்கர் அதற்கு இசையவில்லை. அத்தகைய குண்டு தடித்த உடலிலே மேலோட்டமாகச் சிதறிவிடும் என்றார். 577 என்னும் இலக்கத் துவக்கிலே, 6 திராம் மருந்தும் முழு ஈயக் குண்டும் கொண்ட தோட்டாவை அவர் விதந்துரைத்தார். புலிக்கு மென்மையான ஈயம். யானைக்கும் எருமைக்கும் வன்மையான ஈயம். விலங்கை அறிந்து தோட்டாவைத் தெரிக என்பதே அவர் கண்ட முடிபு. 1893 டிசம்பர் 30ஆந் திகதி இங்கிலாந்திலே மறைந்தார்.

இவ்வளவு நுணுகி ஆராய்ந்த அறிஞர், கொல்வது எப்படி என்பதைக் கேட்ட அளவுக்கு, எத்தனை கொல்வது என்பதைக் கேட்டாரா? வேட்டைக்கும் வெறுங் கொலைக்கும் வேறுபாடு உண்டு என்று அவர் கருதியது மெய்யே. ஆயினும் அந்நாளைய அரசு யானைத் தலைக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500 யானைகள் மாண்டன. கோப்பிக்காகக் காடுகளும் அழிந்தன. மலைநாட்டின் உயர்நிலங்களிலே யானைக் கூட்டம் அருகிப்போயிற்று. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காலம் வெகுவாகக் கடந்திருந்தது.

இன்று மொனறாகலை மாவட்டத்திலே யானை வயலுக்குள் இறங்குகின்றது. உழவனும் மாள்கின்றான், யானையும் மாள்கின்றது. அந்த வழக்கைத் தீர்க்கும் தோட்டாவை எந்தத் துவக்குத் தொழிலாளனும் வார்த்ததில்லை. நிலத்தைப் பங்கிட்டு வாழும் அறிவே அதற்கு மருந்தாகும். பேக்கர் தம் கலையிலே காட்டிய பொறுமையையும் நுட்பத்தையும், இந்தத் தலைமுறை அந்த அறிவைத் தேடுவதிலே காட்டுமாயின், அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்கதைக் கொண்டவராவோம்.