ஐயத்திற்கு ஆளான ஆபிரகாம் லிங்கன்

1809இல் கென்டக்கியில் மரக்குடில் ஒன்றில் பிறந்த லிங்கன், பள்ளியில் பயின்ற காலம் மிகக் குறைவு. விவிலியமும் ஷேக்ஸ்பியரும் அவர்தம் சொல்லாற்றலை வளர்த்தன. அவர் கவிதையும் எழுதியவர் என்பது கவிஞர்க்கு உவப்பளிக்கும் செய்தி.

1846இல் இல்லினாய்சிலிருந்து காங்கிரசுத் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்னும் மெதடிஸ்டு போதகர். லிங்கன் கிறித்தவத்தை இகழ்பவர் என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. சூலை 31ஆம் நாளிட்ட துண்டறிக்கையில் அவர் விடை தந்தார். தாம் எத்திருச்சபையிலும் உறுப்பினர் அல்லர் என்பதை ஒப்பினார். விவிலிய உண்மையை மறுத்ததில்லை என்றார். இளமையில் விதிக்கொள்கையின்பால் சாய்ந்திருந்ததையும் மறைக்கவில்லை. சமயத்தை வெளிப்படையாக எள்ளுபவரைத் தாமும் ஆதரியார் என்றார். எனினும், வாக்குக்காகப் பக்தர் கோலம் பூணவில்லை. 4,829 வாக்குகளுக்கு எதிராக 6,340 பெற்று வென்றார்.

1861இல் குடியரசுத் தலைவரானார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1862இல் மகன் வில்லி மறைந்தான். 1865 மார்ச்சு 4ஆம் நாள் ஆற்றிய பதவியேற்புரையில், போரிட்ட இருசாராரும் ஒரே இறைவனையே வேண்டினர், எவர் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். இறைவன் தம் பக்கமே என உரிமை கொண்டாடாத பணிவு அது.

அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள், சுடப்பட்ட மறுநாள், உயிர் நீத்தார். இறுதிவரை எத்திருச்சபையிலும் சேரவில்லை. ஐயுற்றோர் தேடியது உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயரை. அவர் விட்டுச் சென்றதோ அவ்வுரை.