கொல்லர் மகன் மேடையேறிய கதை

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

சென்ற ஆண்டு எங்கள் துறை மன்றக் கூட்டத்தில் மின்காந்தத் தூண்டல் பற்றி ஐந்து நிமிடம் பேச என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். நான்கு இரவுகள் கண்விழித்து மனப்பாடம் செய்தேன். மேடை ஏறினேன். அவையோருக்கு வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் நா எழவில்லை! ஒருவாறு தொடங்கியபோது, கம்பிச் சுருளைக் காந்தப்புலத்தில் சுழற்றினால் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுளற்றினால் என்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் ழகரம் நாவில் அவ்வளவு எளிதில் ஏறாது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பேச்சை முடிக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அவர் உழைப்பிலிருந்து வருபவை. பேச்சு எப்படி இருந்தது என்று அன்று மாலை ஆவலோடு கேட்டார். நன்றாகப் பேசினேன் என்று பொய் சொன்னேன். கூட்டத்தின் சிரிப்பைவிட அந்தப் பொய்தான் என்னை அதிகம் சுட்டது.

மறுவாரம் நூலகத்தில் மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். எவருடைய கண்டுபிடிப்பை விளக்க முடியாமல் இறங்கி வந்தேனோ அவர் யார் என்றாவது தெரிந்துகொள்வோமே என்ற எண்ணம்தான். அந்நூலில் ஒரு விஞ்ஞானியைக் காண்பேன் என்று எதிர்பார்த்தேன். பேசத் தடுமாறிய ஒரு சிறுவனையும் கண்டேன்!

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனின் தென்புறத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர்; அடிக்கடி நோயுற்றவர். வறுமை வாட்டிய குடும்பம். எழுதவும் படிக்கவும் ஓரளவு கணக்குப் போடவும் கற்றதோடு பாரடேயின் பள்ளிப்படிப்பு முடிந்தது. சிறுவயதில் அவருக்கு ஆங்கில ரகரம் வராதாம். தம் அண்ணன் ராபர்ட்டின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாதாம். அதற்காக அடிக்கப் பிரம்பு வாங்கிவரும்படி ஆசிரியை அண்ணனையே அனுப்பினார் என்றும், செய்தியறிந்த தாய் பிள்ளைகளை அப்பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார் என்றும் சொல்வார்கள். அவ்வரிகளைப் படித்தபோது என் ழகரத்தை நினைத்துக்கொண்டேன்.

1804இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார் பாரடே. மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பயின்றார். பிறர் புத்தகங்களுக்கு அட்டை கட்டிய கைகள், அவற்றின் பக்கங்களையும் புரட்டின. கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவருக்கு ஆசான்களாயின. 1810இல் ஜான் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் செல்லத் தொடங்கினார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் யார் தெரியுமா? அண்ணன் ராபர்ட்! அவரும் கொல்லுத் தொழிலாளிதான். உழைக்கும் அண்ணன்மார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்!

1812இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்தும் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுத் தந்தார். நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார் பாரடே. 1813 மார்ச் முதல் நாள் அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியாளராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆன பின்பு, அந்த ஜூன் மாதத்திலேயே அவர் செய்த ஒரு செயல் என்னை வியக்க வைத்தது. கருவிகளைத் துடைத்து வைக்கும் உதவியாளர், மேடையில் பேசுவோரையும் கேட்போரையும் கூர்ந்து கவனித்துக் கண்டவற்றையெல்லாம் தம் நண்பர் பெஞ்சமின் அப்பட்டுக்குக் கடிதங்களாக எழுதினார். பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பேச்சாளர் அவையோருக்கு முதுகு காட்டக்கூடாது. கருவிகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். அரங்கில் நல்ல காற்றோட்டம் வேண்டும். சிறு பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடாது. கேட்பவர்களுக்காகத் தம் முழு ஆற்றலையும் செலவிடுகிறார் என்ற நம்பிக்கையை அவர்கள் மனத்தில் உண்டாக்க வேண்டும். அவர் எழுதியவற்றின் சாரம் இதுதான். சொற்பொழிவையும் ஒரு சோதனையைப் போலவே ஆராய்ந்திருக்கிறார்!

ஆயினும் அறிவது வேறு. செய்வது வேறு அல்லவா? 1816 ஜனவரியில் சிட்டி தத்துவச் சங்கத்தில் தம் முதல் சொற்பொழிவை நிகழ்த்தினார். பொருளின் பொதுப் பண்புகள் என்பது தலைப்பு. அதோடு நிறைவடைந்துவிடவில்லை. 1818இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரின் பேச்சுக்கலை வகுப்புகளுக்குச் சென்று, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். அக்காலத்தில் எட்வர்டு மக்ராத் முதலிய சில நண்பர்களோடு கூடி, ஒருவர் படிக்க மற்றவர்கள் உச்சரிப்பையும் சொல்லமைப்பையும் திருத்துவதை வழக்கமாகக் கொண்டார். பின்னாளில் பெரிய அவைகளில் பேசியபோதும், மெதுவாக என்று எழுதிய அட்டை ஒன்று அவர் கண்ணெதிரே இருக்கும். அவர் அதை மறந்து வேகமெடுத்தால் உதவியாளர் மீண்டும் எடுத்து வைப்பார். நேரம் முடியப்போவதைக் காட்ட வேறோர் அட்டை! உலகம் போற்றிய பேச்சாளர், தம்மைத் திருத்தும் கையைத் தட்டிவிடவே இல்லை.

பலன் என்ன? அந்த நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கி வைத்து, தாமே நூற்றுக்கு மேற்பட்டவற்றை நிகழ்த்தினார். 1827க்கும் 1860க்கும் இடையில் 19 ஆண்டுகள் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை ஆற்றினார். 1855இல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட், தம் பிள்ளைகளோடு வந்தமர்ந்து கேட்டார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்ட மேதை, சிறுவர்களுக்கு முன் எடுத்துக்கொண்ட பொருள் எது? ஒரு மெழுகுவர்த்தி! அது எரிவதைக் காட்டியே காற்றையும் நீரையும், நாம் விடும் மூச்சையும் விளக்கிவிட்டார். 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய அந்தச் சொற்பொழிவுகள் 1861இல் நூலாக வந்து இன்றும் படிக்கப்படுகின்றன.

முதுமையில் நினைவாற்றல் தளர்ந்தது. 1862 ஜூன் 20ஆம் நாள் தம் கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில், கையிலிருந்த குறிப்புகள் தற்செயலாகத் தீயில் கருகிவிட்டன. மேடையை விட்டு விலகும் வேளை வந்தது என்பதை அவரே உணர்ந்திருந்தார். 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் உயிர் பிரிந்தது. சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாமென்று மறுத்த அவர், கடைசிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே வாழ்ந்தார்.

நண்பர்களே! நாவன்மை பிறவியில் வருவது, நம் போன்றோருக்குக் கிட்டாது என்று எண்ணியிருந்தேன். மேடையில் நின்றபோது, என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்பது ஒன்றே என் கவலையாக இருந்தது. கேட்பவருக்குப் புரிகிறதா என்பதே பாரடேயின் கவலை. அந்தக் கவலை வந்தால் அச்சத்திற்கு இடம் குறைகிறது என்பதை இப்போது அறிந்தேன்.

இவ்வாண்டு நாங்கள் மூவர், மாலை வேளைகளில் மைதானத்து வேப்பமரத்தடியில் கூடுகிறோம். ஒருவர் பேச இருவர் திருத்துகிறோம். சென்ற மாதம் அதே மேடையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஏழு நிமிடம் பேசினேன். முன்வரிசையில் என் நண்பன் மெதுவாக என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ழகரம் ஓரிடத்தில் வழுக்கத்தான் செய்தது. திருத்திச் சொல்லிவிட்டு மேலே போனேன். எவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

அன்று மாலை அண்ணனிடம் சென்ற ஆண்டு சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த கூட்டம் எப்போது, வெளியாட்கள் வந்து கேட்கலாமா என்றுதான் கேட்டார்.