காலூன்றி நிற்றல்: ஆனி ஓக்லி கற்பித்த பாடமும் திறவாத கதவும்

துப்பாக்கி சுடப் புதிதாக வரும் பெண்ணுக்குக் குறி பார்க்கக் கற்பிக்கும் முன் நிற்கக் கற்பிக்க வேண்டும். துப்பாக்கியின் எடை முன்னே இழுப்பதால் புதியவர் இடுப்பை வளைத்துப் பின்னே சாய்வார். அப்படிச் சாய்ந்து நிற்பவரை, வெடித்ததும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் உதை நிலைகுலையச் செய்துவிடும். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலைச் சற்று முன்வைத்து, உடல் எடையைப் பெரிதும் அக்காலில் ஏற்றி, பின்கட்டையைத் தோள்குழியில் அழுந்தப் பதித்து, கன்னத்தைக் கட்டையோடு சேர்க்க வேண்டும். அதிர்ச்சி வருமென்று அறிந்தும் பின்வாங்காமல் முன்னோக்கி ஊன்றி நிற்பதே இந்நிலையின் சாரம்.

ஒடுங்கி நிற்பதே பெண்மை என்று உடலைப் பழக்கிய காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பலருக்குத் துப்பாக்கி சுடக் கற்பித்தவர் ஆனி ஓக்லி. அவரிடம் பயின்றோர் சுமார் 15,000 பேர் என்பர். மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டி நிற்குமாறு தலைமுறைகளாகப் பணிக்கப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு, ஓர் உடல் எப்படி நிற்க அனுமதிக்கப்படுகிறது என்பது அரசியல் கேள்வி. ஆகவே அவரது வாழ்வை அதன் ஒளியோடும் நிழலோடும் வாசிக்க விழைகிறோம்.

1860 ஆகஸ்ட் 13 அன்று ஓஹியோ மாநிலத்தின் டார்க் மாவட்டத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார் ஆனி. இயற்பெயர் ஃபீபி ஆன். 1866இல் தந்தை இறந்தார். வறுமை தாளாத தாய், சிறுமியை மாவட்ட ஏழையர் விடுதிக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு குடும்பத்துக்கு வேலைக்காரியாகப் போன அவர், ஏறத்தாழ ஈராண்டுகள் அடிமை போல் நடத்தப்பட்டார். தைத்துக்கொண்டிருக்கையில் கண்ணயர்ந்ததற்காகப் பனியில் வெளியே தள்ளப்பட்டதும் உண்டு. அக்குடும்பத்தாரை அவர் இறுதிவரை பெயர் சொல்லாமல் ஓநாய்கள் என்றே குறித்தார். தப்பி வந்தபின் தந்தையின் துப்பாக்கியால் வேட்டையாடி, இறைச்சியை விற்று, தாயின் நிலத்தின் மீதிருந்த அடமானக் கடனை அடைத்தார். மேடையில் பின்னாளில் உலகம் வியந்த திறன் பசியிலிருந்து பிறந்தது.

தொழில்முறைச் சுடுநரான ஃபிராங்க் பட்லரைப் போட்டியில் வென்றார். அவரையே மணந்தார். பட்லரோ மேடையை மனைவிக்கு விட்டுக்கொடுத்து, அவருடைய மேலாளராகத் துணை நின்றார். 1885 முதல் பஃபலோ பில்லின் காட்சிக்குழுவில் இணைந்து ஐரோப்பிய அரண்மனைகள்வரை புகழ்பெற்றார். 1903இல் ஹெர்ஸ்ட் நாளிதழ்கள் அவரைப் போதைப்பொருளுக்காகத் திருடியவர் என்று பொய்ச் செய்தி வெளியிட்டன. பல இதழ்கள் அதை அப்படியே மறுபதிப்புச் செய்தன. அவர் 55 வழக்குகள் தொடுத்து 54இல் வென்றார். இதற்கு ஏழாண்டுகள் கழிந்தன. ஏழைப் பெண்ணின் மானத்துக்கு விலையில்லை என்று எண்ணியோரை அவர் நீதிமன்றத்தில் எதிர்கொண்டார்.

1898இல் ஸ்பெயினுடனான போர் மூளவிருந்தபோது, சொந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் கொண்ட 50 பெண் சுடுநர்களை அளிப்பதாகக் குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கு எழுதினார். அது ஏற்கப்படவில்லை. அதே 1890களில்தான் இங்கே ஆங்கிலேய அரசு மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். ஆயுதம் ஏந்தத் தகுந்தவர் யார் என்பதை ஆற்றலைக் கொண்டு எந்த அதிகாரமும் முடிவு செய்ததில்லை.

முதல் உலகப்போர் ஆண்டுகளில் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில், ஒரு விடுதியின் சுடுகளத்தில் ஆனி பெண்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளித்தார். பெண் தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலும் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. ஆனால் அது நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென் மாநிலம்; அது வசதி படைத்தோரின் ஓய்விடம். கட்டணம் இல்லையென்றாலும் கறுப்பினப் பெண்களுக்கு அங்கே விருந்தினராக இடமிருக்கவில்லை. வேலைக்காரியாய் இருந்தவர் கற்பித்த களத்துக்குள், வேலைக்காரப் பெண்கள் கற்கும் உரிமையோடு நுழைய முடியவில்லை.

இன்னும் சிலவற்றையும் நாம் மறைக்கக் கூடாது. அவரை மகளாக ஏற்ற லகோட்டா தலைவர் சிட்டிங் புல், 1890இல் அவரைக் கைதுசெய்ய வந்த காவலர்களால் கொல்லப்பட்டார். ஆனி புகழடைந்த காட்சிக்குழுவோ தொல்குடியினரின் வீழ்ச்சியையே கேளிக்கையாக்கியது. பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தோடும் அவர் சேரவில்லை. ஒருவர் தம் ஒடுக்குமுறையை வென்றதாலேயே பிறர் மீதான ஒடுக்குமுறைகளைக் கண்டுகொள்வார் என்பதில்லை.

1926 நவம்பர் 3 அன்று அவர் மறைந்தார். 18 நாள்களில் பட்லரும் மறைந்தார். இன்று கல்லூரிகளின் தேசிய மாணவர் படையில் நம் மாணவியரும் துப்பாக்கி ஏந்துகின்றனர். ஆனால் அதற்கு மேல் விளையாட்டாகத் தொடர, துப்பாக்கியின் விலையும் தோட்டாச் செலவும் சுடுகளத்தின் கட்டணமும் குறுக்கே நிற்கின்றன. காலூன்றி நிற்கும் பாடத்தை ஆனியிடமிருந்து எடுத்துக்கொள்வோம். அப்பாடம் நடக்கும் இடத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை, நாம் கேட்போம்.