லாயத்திலே பள்ளி கண்ட வணிகர்

அயர்லாந்து தேசத்தின் தென்பாகத்திலுள்ள வாட்டர்போர்டு துறைமுகப் பட்டணத்தில், மவுண்ட் சீயோன் என்னும் புகழ்பெற்ற கத்தோலிக்கப் பள்ளியொன்றுண்டு. அதனை ஆண்பிள்ளைகளுக்கென நிறுவியவர் குருவுமல்லர், பட்டம் பெற்ற பண்டிதருமல்லர். கப்பல்களுக்கு உணவுப்பண்டம் விற்றுப் பொருளீட்டிய வணிகர். அவர் சரிதையையே ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுந்தோம்.

எட்மண்டு இக்னேஷியஸ் ரைஸ் 1762-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி, கில்கென்னி நாட்டிலுள்ள கேலன் என்னும் ஊரருகே ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். அக்காலத்திலே கத்தோலிக்கர் பள்ளி நடத்துதல் சட்டப்படி குற்றமாம். வேலியோரங்களிலும் குடிசைகளிலும் மறைவாய்ப் பாடஞ்சொன்ன ஆசிரியர்களாலேயே அந்நாட்டு ஏழைகள் எழுத்தறிந்தனர். 1779-ல் ரைஸ் வாட்டர்போர்டிலிருந்த தந்தையின் சகோதரரிடம் தொழில் பயிலச் சென்றார். நாளடைவில் அவ்வியாபாரம் அவருக்கே உரித்தாயிற்று, செல்வமும் பெருகிற்று.

விவாகமாகிச் சில ஆண்டுகளே கழிந்தன. 1789-ல் மனைவி மேரி இறந்தாள். எஞ்சியது ஒரு பெண் குழவி, அதுவும் குறைபாடுடையது. இத்துயரே அவரைப் பிறர் துயர் காணச் செய்ததென நாம் கருதுகிறோம்.

பட்டணத்துப் பெண்பிள்ளைகளுக்கு 1798 முதல் கன்னியர் நடத்திய பள்ளியொன்றிருந்தது. அதற்கு ரைஸும் உதவினார். ஆயின் கப்பற்றுறையிலே கந்தையுடுத்துத் திரிந்த சிறுவரைக் கேட்பாரில்லை. அவர் 1802-ல் வியாபாரத்தைத் துறந்து, நியூ ஸ்திரீட்டிலிருந்த குதிரை லாயமொன்றைப் பள்ளியாக்கினார். அதன் மேலறைகளே உறைவிடமாயின. சம்பளத்திற்கு வந்த உபாத்தியாயர்கள் அச்சிறுவரின் முரட்டுத்தனத்தைப் பொறாது போயினர். அப்பொழுது கேலனிலிருந்து வந்த இருவர் சம்பளமின்றித் துணை நின்றனர். 1804-ல் பள்ளி மவுண்ட் சீயோனிலே தன் சொந்தக் கட்டிடத்திற் குடியேறிற்று. ஆங்கே ரொட்டிச் சாலையும் தையற்கூடமும் உடனிருந்தமை நம் உள்ளத்தைக் கவர்கிறது. பசித்த வயிற்றில் இலக்கணம் ஏறாதென்பதைக் கணக்கறிந்த அவ்வணிகர் நன்கறிந்திருந்தார் போலும்!

அவர்தம் கூட்டம் 1820-ல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்றது. 1822-ல் ரைஸ் அதன் தலைவரானார். 1828-ல் டப்ளின் மாநகரத்து நார்த் ரிச்மண்டு ஸ்திரீட்டிலே எழுந்த பள்ளிக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் டானியல் ஓக்கானல் என்னும் தலைவர். மறு ஆண்டு கத்தோலிக்கருக்கு உரிமை வழங்கிய சட்டமே, ஆண் துறவியர் சபைகளை ஒடுக்கும் விதிகளையும் உட்கொண்டிருந்தது விந்தையன்றோ! ஆயினும் பள்ளிகள் நிலைத்தன.

மறைத்தற்கியலாத ஒன்றையும் கூறுவோம். ரைஸ் பிரம்படியை அரிதிலும் அரிதாக்க விரும்பியவர். 20-ஆம் நூற்றாண்டிலோ அச்சபையார் நடத்திய சில விடுதிகளிற் சிறுவர் கொடுமைக்குள்ளாயினரென 2009-ல் அந்நாட்டு விசாரணைக் குழு வெளிப்படுத்திற்று. அது ரைஸ் வகுத்த நெறியன்று. ஆயினும் அவர் மரபினர் சுமக்க வேண்டிய பழியே.

1838-ல் தலைமையினின்று விலகிய ரைஸ், 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி மவுண்ட் சீயோனிலே உயிர் நீத்தார். 1996-ல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. லாயத்துப் பள்ளியைத் தொடங்குமுன் உறவினர் பொறுப்பில் அவர் விட்ட மகள், தந்தைக்குப் பின் பதினைந்தாண்டு வாழ்ந்திருந்து 1859-ல் இறந்தாள்.